மஞ்சள் விளக்கை அணைத்த கை

செலியமேடு நாகராஜன் வீட்டு வெள்ளைக் கார் வியாழக்கிழமை கைமாறப் போகிறது என்கிற சேதி, புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் ஏம்பலம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். தான் சொல்லவில்லை என்று எதிர்வீட்டுத் தனக்கொடியே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரை வாங்குகிறவர் வில்லியனூர் பாத்திரக்கடை அமீர் ஹம்சா. நாகராஜனோடு பாகூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர். அவருடைய மகள் சமீனா கடலூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் வருகிற பெண்ணை நினைத்தே அவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. "பழசா ஒரு காரு கெடச்சா தேவல" என்று அவர் வாயெடுத்ததும், "வெளிய ஏன் தேடற? நம்ம வண்டிய எடுத்துக்க" என்று நாகராஜன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நட்பு ஒரு பக்கம். மகன் நவீன்குமார் இன்னொரு பக்கம். வயலுக்கு மருந்தடிக்கிற டிரோன் வாங்கித் தொழில் தொடங்கப் போவதாக அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். கார் போனால்தான் டிரோன் பறக்கும் என்பது அந்த வீட்டின் நிலவரம்.

நடுவில் ஒரு எலி புகுந்துவிட்டது.

கரும்பு வெட்டு முடிந்ததும் தோட்டத்து எலிகள் ஊருக்குள் குடிவருவது வழக்கம். அதில் ஒன்று, மாட்டுக்கொட்டகை ஓரம் நின்ற காரின் பானட்டுக்குள் குடித்தனம் வைத்து ஒயரைக் கொறித்துவிட்டது. போன வாரம் டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததையும், அதை வைத்து அண்ணனுக்கும் தங்கைக்கும் மூண்ட சண்டையையும்தான் பார்த்தோம்.

தங்கை அருள்மொழி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். வாடகைக் கார்களின் உடல்நிலையைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்கிற நிரல் எழுதுவது அவள் வேலை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருப்புப் பெட்டி ஒன்றைக் கம்பெனி அனுப்பியிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கென்று இருக்கிற வாயில் செருகிவிட்டால், புளூடூத் வழியாக அவளுடைய லேப்டாப்போடு பேசும்.

காரின் மொழி அருள்மொழிக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிற நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. லைப்ரரி என்பார்கள். ‘இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது?’ என்று இவள் ஒரு வரி எழுதினால் போதும். அது போய்க் காரிடம் கார் மொழியில் கேட்டு, பதிலை எண்ணாகக் கொண்டுவந்து கொடுத்துவிடும். ‘உனக்கு உடம்புக்கு என்ன?’ என்று கேட்டாலும் சொல்லும்.

சுருக்கமாகச் சொன்னால், கம்பியில்லாமல் இன்ஜினிடம் வம்பு விசாரிக்கிற வேலை. தனக்கொடி இதையே சம்பளமில்லாமல் செய்துவருகிறாள். ஒரு வித்தியாசம் உண்டு. பெட்டி பேசுவது வாசலைத் தாண்டினால் கேட்காது. தனக்கொடிக்கு நாலு தெரு தாண்டியும் கேட்கும்.

விளக்கு எரிந்த அன்றே பெட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டது. இன்ஜின் சுற்றுவதைக் கவனித்துத் தகவல் சொல்லும் சென்சாரிடமிருந்து விட்டுவிட்டுத்தான் சேதி வருகிறது. சேதி வராத நேரத்தில், இன்ஜின் நின்றுவிட்டது என்று கார் தானாக முடிவுசெய்து மெய்யாகவே நிறுத்திவிடும். ஓடுகிற ஓட்டத்தில்.

"அந்தக் கோளாறுக் குறிப்ப அழிச்சுடு. வெளக்கு அணைஞ்சிரும். அதுக்கும் ஒரு வரிதானே உனக்கு?" என்றான் நவீன்.

"வரி ஒண்ணுதான். எழுத மாட்டன்" என்றாள் அருள்மொழி.

போன வாரம் கதை அங்கே நின்றது.

வியாழக்கிழமை காலை நாகராஜன் மனைவி ஆதிலட்சுமி காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போகிற பெண்ணைத் தலைவாரி அனுப்புவதுபோலத் துடைப்பு. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏன்டி அருளு, ரேடியோ இன்னா இப்டி கரகரங்குது? நேத்துகூட நல்லா பாடிக்கினு இருந்துச்சே!"

பெட்டியைக் கழற்ற வந்த அருள்மொழி எட்டிப் பார்த்தாள். எஃப்.எம். நிலையங்கள் அத்தனையும் காணாமல் போயிருந்தன. காலை எட்டு கூட ஆகவில்லை, காரின் கடிகாரம் நடுப்பகலைக் காட்டியது. அதைவிடப் பெரிய அதிசயம், மஞ்சள் விளக்கு எரியவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வராண்டாவில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டியோடு இணைந்ததும் முதல் கேள்வி கேட்டாள். கோளாறு ஏதாவது?

ஒன்றுமில்லை என்றது கார்.

கம்பெனிக்காரி சும்மா விடுவாளா. கடைசியாகக் குறிப்பு அழிக்கப்பட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறாய் என்று அடுத்த கேள்வி. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்று பதில் வந்தது. உனக்குள் நீயே செய்துகொள்ள வேண்டிய சோதனைகள்? ஒன்றுகூட முடியவில்லை.

நேற்று வரை நோவு நோவு என்றது, இன்று இப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி விழிக்கிறது.

"ணா! இங்க வா."

பல்லில் பிரஷ்ஷோடு வந்தான் நவீன்.

"குறிப்ப அழிச்சியா?"

"நானா? பெரிய நீதிபதி மாரி நீதான் மாட்டன்ன. எனக்கு அந்தப் பொட்டிய ஆன் பண்ணவே தெரியாது. ஏன், வெளக்கு போச்சா? மெய்யாலுமா?" ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் நுரையோடு சிரித்தான். "எலி மனசு மாறி ஒயர ஒட்டவெச்சிட்டுப் போயிருக்கும்!"

"வெளையாடாத. யாரோ அழிச்சிருக்காங்க. தானா அழியாது."

"அழிஞ்சிச்சில்ல? வுடு. பாய் வர நேரத்துல பஞ்சாயத்து வைக்காத."

அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். இன்று சிவக்கவில்லை. அவன் இல்லையென்றால் வீட்டில் மிச்சம் இருப்பது யார்?

இந்த மாதிரி இடத்தில்தான் தனக்கொடி கிண்ணத்தோடு வருவாள். வந்தாள்.

"யக்கா, ஒரு கரண்டி உறை மோரு இருக்குதா?" என்று ஆதிலட்சுமியிடம் கேட்டுக்கொண்டே, கண்ணைக் காரின் மேல் ஓடவிட்டாள். "வண்டி பளபளன்னு இருக்குதே! உங்கப்பா விடிகாலையிலயே ஆரம்பிச்சிட்டாரு போல அருளு. நான் பல்லு வெளக்கிக்கினு இருக்கேன், அவரு பானட்டத் தூக்கி வெச்சிக்கினு ஸ்பானரோட நிக்கிறாரு. ‘இன்னா மாமா பண்றீங்க’ன்னேன். ‘பேட்டரிக்குத் தண்ணி பாக்கறன்’னாரு. இந்தக் காலத்து பேட்டரிக்கெல்லாம் தண்ணியே ஊத்த வேணாமாமே? எங்க வூட்டுக்காரரு சொல்றாரு."

கடிகாரம், எஃப்.எம்., பேட்டரி. மூன்றும் அருள்மொழியின் தலைக்குள் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. பேட்டரி ஒயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் இந்தக் கார் எல்லாவற்றையும் மறந்துவிடும். நேரத்தை மறக்கும், பாட்டை மறக்கும், தன் நோவையும் மறக்கும். அழிப்பதற்கு ஒரு வரிகூட வேண்டியதில்லை. ஒரு ஸ்பானர் போதும்.

கம்பியில்லாப் பெட்டி என்ன நடந்தது என்றுதான் சொன்னது. யார் செய்தது என்று சொல்லத் தனக்கொடிதான் வேண்டியிருந்தது.

நாகராஜன் கொல்லையில் துவைகல் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை.

"அப்பா, பேட்டரி ஒயரக் கழட்டினீங்களா?"

ரேஸர் கன்னத்திலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"கழட்டி மாட்டினன். போர் மோட்டாரு மக்கர் பண்ணா நாம இன்னா பண்றோம்? ஒயரக் கழட்டி மாட்டினா ஓடுதில்ல? அது மாரிதான். சரியாயிடுச்சி பாரு."

"வெளக்குதான்பா போச்சு. எலி கடிச்சது கடிச்ச மாரியேதான் இருக்குது."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல. போன வாரம் கிருமாம்பாக்கம் வளைவுல வண்டி நின்னுச்சே, பின்னாடி பஸ்சுக்காரன் ஆரன் அடிச்சிக்கினே வந்து ஒடிச்சித் திருப்பிக்கினு போனானே, அதையும் நான் பாக்கல. நீங்கதான் வந்து சொன்னீங்க. அன்னிக்கு சாப்பிடக்கூட இல்ல நீங்க."

நாகராஜன் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் மகள் நின்றாள். அவளைப் பார்க்காமல் தன் முகத்தை மட்டும் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

"மெக்கானிக் வீரமணிகிட்ட கேட்டன். ஒயர் பூராவும் பிரிச்சாத்தான் தெரியும், வண்டிய வுட்டுட்டுப் போங்கங்கறான். இன்னிக்கு நாளு குறிச்சாச்சு. ஒங்கண்ணன் வேற டிரோனு டிரோனுன்னு தவிச்சிக்கினு இருக்கான்..."

"சமீனா ராத்திரில வரும்பா."

நாகராஜன் கழுத்தில் வழிந்த நுரையைத் துண்டால் துடைத்தார்.

"சொல்றன். அமீருகிட்ட நானே சொல்றன். நீ நடுவுல வாயத் தொறக்காத. எங்க ரெண்டு பேரு பேச்சு அது."

"சொல்லிடுவீங்கதானே?"

"இன்னாடி, அப்பன நம்பலியா?"

இந்தக் கேள்விக்கு எந்த ஊரில் எந்த மகள் பதில் சொல்லியிருக்கிறாள்? அருள்மொழி உள்ளே போய்விட்டாள். பெட்டியைக் கழற்ற மறந்தே போனாள். லேப்டாப் வராண்டா ஸ்டூலில் திறந்தபடியே கிடந்தது.

நல்ல நேரம் பத்தரைக்கு மேல். அதற்குச் சற்று முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள். திரும்பிப் போகிறபோது கார் இருக்கும் என்கிற நம்பிக்கையில் வந்த நடை. அமீர் ஹம்சா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

"இன்னா நாகராசு, பொண்ணு பாக்க வர மாரி கோலம்லாம் போட்டு வெச்சிருக்க?"

"வாங்கண்ணே! வா சமீனா!" என்றாள் ஆதிலட்சுமி. வீட்டு ஆட்களுக்கு அவள் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தாள். வண்டி வாசல் தாண்டுகிற வரைக்கும் ‘இல்ல’, ‘ரிப்பேரு’, ‘போச்சு’ என்று எந்தச் சொல்லும் எவர் வாயிலிருந்தும் வரக்கூடாது. முக்கியமாக, கிளம்பின வண்டியைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அவள் சட்டம். அவளுடையது மட்டுமல்ல, அந்தத் தெருவின் சட்டமும் அதுதான்.

காபி வந்தது. நாகராஜன் தொண்டையைச் செருமினார்.

"அமீரு, வண்டில ஒரு விசயம்..."

"ஸ்டெப்னிதானேப்பா? புதுசு மாமா, ஒருவாட்டிகூட மாட்டல!" என்று நவீன் குறுக்கே விழுந்தான்.

அருள்மொழி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள். அவர் காபியைப் பார்த்தார்.

வெற்றிலைத் தட்டு வந்தது. நாகராஜன் மறுபடியும் வாயெடுத்தார். இந்தமுறை குறுக்கே வந்தது அமீர் ஹம்சாவின் சிரிப்பு.

"ஒரு கூத்து கேளு நாகராசு. சமீனா மெக்கானிக்க இட்டுக்கினு போலாம் அத்தாங்குது. நான் வேணாம்னுட்டன். ஒன் வண்டிய நான் ஆள வெச்சிப் பாத்து வாங்கினா, அப்பறம் ஒனக்கும் எனக்கும் நடுவுல இன்னா இருக்குது, சொல்லு?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, அதைவிடக் கஷ்டமான இடமும் கிடையாது. நம்பாதவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம். இப்படி மொத்தமாக நம்புகிறவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? நாகராஜன் "அது சரி" என்றார். அதோடு அவர் பேச்சு முடிந்தது. கொல்லையில் கொடுத்த வாக்கு கொல்லையிலேயே நின்றுவிட்டது.

சமீனா அருள்மொழியின் தோளில் கை போட்டாள். சின்ன வயதிலிருந்து பெருநாளுக்கு இவள் அங்கே, பொங்கலுக்கு அவள் இங்கே என்று வளர்ந்தவர்கள்.

"நைட்டு அந்த ரோட்டுல லாரியும் ஆம்னி பஸ்சும்தான்டி. ஸ்கூட்டர ஒரசிக்கினு போவானுங்க. இனிமே கண்ணாடிய ஏத்திக்கினு, பாட்டு போட்டுக்கினு, மவராணி மாரி வருவன். ஏன் ஒரு மாரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. தலவலி."

"லேப்டாப்பயே மொறச்சிக்கினு இருந்தா வராது?"

ஆதிலட்சுமி முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, சங்கடமாக அமீர் ஹம்சாவைப் பார்த்தாள்.

"வை தங்கச்சி, வை. வாசல் தாண்டற வரைக்கும் ஒன் கணக்கு. அப்பால வூட்டுக்குப் போயி நாங்க பாத்தியா ஓதிக்கிறோம்" என்று அவர் முன் சீட்டில் ஏறினார்.

சாவி சமீனாவின் கைக்குப் போனது. இன்ஜின் பிடித்தது. ஸ்டூலில் கிடந்த லேப்டாப் திரையில் எண்கள் விழித்துக்கொண்டன. அப்போதுதான் பெட்டி உள்ளேயே இருப்பது அருள்மொழிக்கு நினைவு வந்தது. காலையில் ஓடவிட்ட நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் சுற்று எண்ணூறு, எண்ணூற்றுப் பத்து, எண்ணூறு என்று ஆடியது.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் நகர்ந்தது. எண் ஆயிரத்தைத் தாண்டி ஏறியது.

திடீரென்று பூஜ்யம்.

கண்ணிமைக்கிற நேரம். மறுபடி ஆயிரம். வாசலில் கார் தும்மினதுபோல ஒரு குலுக்கல் குலுங்கியது.

"கிளச்ச மெதுவா வுடு சமீனா!" என்று நவீன் கத்தினான். தன் கால்தான் தப்பு செய்தது என்று நினைத்து சமீனாவும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அருள்மொழி நிமிர்ந்தாள். பக்கத்தில் அப்பா நின்றார். திரையில் இருந்த இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. பூஜ்யம் தெரியும். அவர் அதைப் பார்த்தது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு அவர் கண் தரைக்குப் போய், நசுங்கிய எலுமிச்சம்பழத்தில் நின்றுவிட்டது.

கார் தெருவுக்கு இறங்கியது. எண்கள் தடுமாற ஆரம்பித்தன. இன்னும் கொஞ்ச தூரம் போனால் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் பேச்சு அறுந்துவிடும். அப்புறம் அந்தக் காருக்கு என்ன ஆகிறது என்று இந்த வாசலில் யாருக்கும் தெரியாது.

"சமீனா! நில்லு!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"அடிப்பாவி!" ஆதிலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொறப்பட்ட வண்டியப் பின்னாடியிருந்து கூப்பிடறியே! ஒனக்கு இன்னா கேடு வந்துச்சி?"

கார் நின்றது. அமீர் ஹம்சா இறங்கி, "இன்னாம்மா அருளு?" என்றார்.

ஆதிலட்சுமியே முந்திக்கொண்டு சமாளித்தாள். "ஒண்ணுமில்லண்ணே! கம்பெனி பொட்டி ஒண்ணு உள்ள மாட்டிக்கினு இருக்குது. அதுக்குத்தான் கத்தறா. ஏன்டி, அத அப்பறமா வாங்கிக்கக்கூடாதா?"

பாருங்கள், தப்பித்துக்கொள்ள வழி எவ்வளவு அழகாக வந்து வாய்த்தது. பொய்யும் இல்லை. பெட்டி உள்ளேதான் இருக்கிறது. வாங்கிக்கொண்டு கையசைத்தால் எல்லோருக்கும் மரியாதை மிஞ்சும், டிரோனும் பறக்கும்.

சமீனா குனிந்து, தடவிப் பார்த்து, பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக நீட்டினாள். "இதானே? இதுக்காடி இம்மாங் கூச்சல்?"

அருள்மொழி வாங்கினாள். பெட்டி சூடாக இருந்தது. கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சமீ, வண்டிய அணை."

"ஏன்டி?"

"அணைச்சிட்டு எறங்கு. சொல்றன்."

சொன்னாள். எலி, ஒயர், ஓட்டத்தில் நின்றுபோகிற இன்ஜின், இப்போது குலுங்கின குலுக்கல். சமீனாவின் கால்மேல் தப்பில்லை என்பது. அவள் சொல்லச் சொல்ல நவீனின் முகம் கருத்தது. கேட்டு முடித்த அமீர் ஹம்சா காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெளக்கு எரியும்பாங்களே அம்மா, அது மாரி ஒண்ணும் எரியலியே?"

"எரிஞ்சிது மாமா. அழிச்சாச்சு."

"யாரு அழிச்சது?"

அருள்மொழிக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. திரும்பாமலே அப்பா என்று தெரிந்தது. அவள் காத்திருந்தாள். அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

"இந்தப் பொட்டியில அதுக்கு ஒரு வரி போதும் மாமா" என்றாள் அவள்.

பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வரி போதும் என்பது சத்தியமான உண்மை. கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே பூர்த்தி செய்துகொண்டார்கள்.

"நீயா?" என்றாள் சமீனா.

அருள்மொழி பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னான்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்ல, தலவலின்னியே... நீயாடி?"

சாவியை பானட் மேல் வைத்துவிட்டு சமீனா பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அமீர் ஹம்சா சாவியை எடுத்து நாகராஜன் கையில் வைத்தார்.

"மொதல்ல எலியப் புடி நாகராசு. வண்டி எங்கியும் ஓடிப்போவாது. பொண்ணத் திட்டாத, இன்னா? சின்னப் புள்ள, பயந்துடுச்சி. கடைசில வாய் வுட்டு சொல்லிட்டுதில்ல, அது பெரிசு."

நாகராஜன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தவர்கள், மகளை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எதிர்வீட்டு மதில் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றித் தனக்கொடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் ஸ்பானரைப் பார்த்த ஒரே ஆள். அவள் வாய் திறந்தே இருந்தது, சத்தம் வரவில்லை. அந்தத் தெருவில் இதுவும் ஒரு புதுமைதான்.

மத்தியானம் அந்த வீட்டில் சோறு ஆறியது. நவீன் யாரோடும் பேசாமல் வயலுக்குப் போய்விட்டான். "கூப்பிட்டியே, பின்னாடியிருந்து கூப்பிட்டியே" என்று ஆதிலட்சுமி பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அருள்மொழி வராண்டாவில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, பெட்டியைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். சமீனாவுக்கு மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்திருந்தாள்.

நாகராஜன் உள்ளிருந்து வந்தார். காலையில் போட்ட அதே சட்டையை மறுபடி போட்டிருந்தார். கொட்டகையிலிருந்து மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆதிலட்சுமி வாசற்படிக்கு வந்தவள், எங்கே என்று கேட்கவில்லை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது. அதுவும் சட்டம்.

"இன்னா மாமா, வேகாத வெயில்ல எங்க பொறப்பட்டீங்க?"

தனக்கொடிக்குச் சட்டம் ஏது?

மொபெட் நின்றது. நாகராஜன் அதை ஸ்டாண்டில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து வராண்டா நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டுவிட்டால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். ஆதிலட்சுமி சொம்பைக் கொண்டுவந்தாள்.

குடித்தார். ஏரியையே குடிக்கிறவர்போல, அத்தனை மெதுவாக. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் தெருவைப் பார்த்தார். காலையில் பார்த்த அதே தயக்கம் மெல்ல வந்து அவர் தோளில் உட்காருவதை அருள்மொழி பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மனுஷன் எழுந்திருக்க மாட்டார். எழுந்தாலும், எதிர்வீட்டு மதிலிலிருந்து இன்னொரு கேள்வி வரும்.

அவள் எழுந்தாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராகத் தெருவைக் கடந்து போய்த் தனக்கொடியின் மதிலுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"யக்கா, வெளிய சொல்லிடாதீங்க. எங்கண்ணனுக்கு ஏம்பலத்துலயிருந்து ஒரு எடம் வந்திருக்குது."

இடம் வந்தது நிஜம். முடிவாகும் வரை ஒருத்தரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று ஆதிலட்சுமி தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்ததும் நிஜம். அதைத்தான் எடுத்து நீட்டினாள் அருள்மொழி. சும்மாவா, தனக்கொடியின் வாயை அடைப்பதற்கு அதைவிடச் சின்னதாக எதுவும் ஆகாது.

"அடியாத்தே! ஏம்பலமா? யாரு வூட்டுல?"

பின்னால் நாற்காலி நகர்ந்தது. சொம்பைத் தரையில் வைக்கிற சத்தம். மொபெட் ஒரு உதையில் பிடிக்கவில்லை, இரண்டாவது உதையில் பிடித்தது.

அருள்மொழி திரும்பவில்லை. அந்த மொபெட்டில் செருக ஒரு வாயும் கிடையாது, எண் சொல்ல ஒரு பெட்டியும் கிடையாது. காதுதான். சத்தம் அவள் முதுகைத் தாண்டி, தெரு முனைக்குப் போய்த் தணிந்தது. அங்கே ரோடு பிரிகிறது. ஒரு பக்கம் திரும்பினால் பாகூர், வீரமணியின் ஷெட். மறுபக்கம் திரும்பினால் ஏம்பலம் வழியாக வில்லியனூர், பாத்திரக்கடை. எலியைப் பிடிக்கப் போகிற ஆளும், உண்மையைச் சொல்லப் போகிற ஆளும் கிளம்புகிற இடம் ஒன்றுதான்.

ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு முனையைக் கடந்தது. அதற்குள் மொபெட் சத்தம் போயேபோய்விட்டது.

அருள்மொழிக்கு முதுகில் கண் இல்லை. தனக்கொடிக்கு முகத்துக்கு நேராகத் தெரு முனை. அவள் பார்வை அருள்மொழியின் தோளைத் தாண்டிப் போய் அங்கே நின்றதும், புருவம் மெல்ல உயர்ந்ததும் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்த்துவிட்டாள். வாயும் திறந்தது.

அருள்மொழி கேட்கவில்லை. கேட்க ஆசைதான். கைக்குள் பெட்டியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

தனக்கொடி வாயை மூடிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெரு முனையிலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகக் கேட்டாள்.

"சரி, சொல்லு. பொண்ணு பேரு இன்னா?"